ஹிட்டே இல்லாத குழுவுக்கு எதற்கு ஹிட்ஸ் தொகுப்பு?

அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் எது என்று கேட்டால் பலரும் மைக்கேல் ஜாக்சன் பக்கம்தான் கை காட்டுவார்கள். 2018-இல் அங்குள்ள இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கணக்கைப் புதுப்பித்தபோது முதலிடம் வேறொருவருக்குப் போனது. ஈகிள்ஸ் குழு 1976 பிப்ரவரியில் வெளியிட்ட தொகுப்பு ஆல்பம் அது. மொத்தம் பத்துப் பாட்டு. எல்லாமே முன்பே வந்தவை. ஸ்ட்ரீமிங்கையும் விற்பனையோடு சேர்த்து, அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் பிரதிகள் என்பது அப்போது சங்கம் சொன்ன கணக்கு.

ஈகிள்ஸ் வாசித்தது கன்ட்ரி ராக், அதாவது அமெரிக்க நாட்டுப்புறங்களின் கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்தது. அதே கன்ட்ரி ராக்கின் இன்னொரு கிளையில் வந்த ஒரு குழுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தக் குழுவுக்கு ஒரு ஹிட்கூட கிடையாது. வானொலியில் யாரும் திரும்பத் திரும்பப் போடவில்லை, சிங்கிள்ஸ், அதாவது தனிப்பாட்டுத் தட்டுகளின் முக்கியமான பட்டியல் எதிலும் இடம்பிடிக்கவில்லை. குழு உடைந்து எட்டு ஆண்டு கழித்து, 2002 மார்ச்சில் அவர்களுக்கும் ஒரு தொகுப்பு வந்தது, 21 பாட்டுகளோடு. குழுவின் பெயர் அங்கிள் டுபெலோ. தொகுப்பின் பெயர் '89/93: ஆன் ஆன்தாலஜி'. வெளியிட்டது கொலம்பியா நிறுவனத்தின் பழைய பதிவுகளுக்கான பிரிவான லெகஸி.

ஹிட்ஸ் தொகுப்பு என்ற வியாபார உத்தியைப் பெரிதாக்கியதும் இதே கொலம்பியாதான். 1958-இல் ஜானி மாத்திஸின் சிங்கிள்களைத் திரட்டி ஒரே தட்டாகப் போட்டார்கள். அது பில்போர்டு பட்டியலில் 490 வாரம் இருந்தது. செலவு குறைவு, பாட்டு ஏற்கெனவே ஊரறிந்தது, புதிதாக ஸ்டூடியோ வாடகை கிடையாது. பாடகர் அடுத்த ஆல்பத்தை முடிக்காமல் இழுத்தடித்தால் இடைவெளியை நிரப்பவும் ஆகும். ஈகிள்ஸ் தொகுப்பு வந்ததுகூட அவர்களுடைய 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வெளியாவதற்குப் பத்து மாதம் முன்புதான். நிறுவனத்துக்கு லாபம், ரசிகருக்கு வசதி, அவ்வளவுதான் கணக்கு.

அங்கிள் டுபெலோவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இந்தத் தொகுப்பு ஏன் வந்தது என்பதற்கான பதில் பாட்டுகளைவிட, அந்தப் பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெல்வில் என்பது இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள ஊர். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் செயின்ட் லூயிஸ். ஒரு காலத்தில் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், பிறகு தொழிற்சாலைகள், 1980-களில் அவையும் ஒவ்வொன்றாகக் களையிழந்தன. அங்கே ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் ஜே ஃபாரரும் ஜெஃப் ட்வீடியும். ட்வீடியின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஃபாரருக்கு அண்ணன்மார் உண்டு, வீட்டிலேயே பாட்டும் கிதாரும் இருந்தன. டிரம்ஸுக்கு மைக் ஹைடார்ன் சேர்ந்தார். முதலில் பள்ளிப் பையன்களாக அறுபதுகளின் கராஜ் ராக் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1987 வாக்கில் அங்கிள் டுபெலோ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டு வளர்ந்தது வேகமும் இரைச்சலுமான பங்க் ராக். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது பழைய கன்ட்ரி. அன்றைக்கு இந்த இரண்டையும் ஒரே ஆள் ரசிப்பது கொஞ்சம் விசித்திரமாகவே பார்க்கப்பட்டது. பங்க் ரசிகனுக்குக் கன்ட்ரி என்றால் அப்பா காலத்துச் சங்கதி. கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் ரசிகனுக்குப் பங்க் என்றால் வெறும் கூச்சல். 1990-இல் வெளியான முதல் ஆல்பத்துக்கு, முப்பதுகளின் பஞ்ச காலத்தில் கார்ட்டர் குடும்பம் பாடிய 'நோ டிப்ரஷன்' என்ற பக்திப் பாட்டின் பெயரையே வைத்தார்கள். அதை பாஸ்டனில் ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டூடியோவில் பத்து நாளில், 3,500 டாலர் செலவில் பதிவு செய்து முடித்தார்கள். டைனோசர் ஜூனியர் குழுவின் இரைச்சலுக்குப் பேர்போன அதே ஸ்டூடியோ, அந்தக் குழுவின் தலைவர் ஜே மாஸ்கிஸ் பயன்படுத்திய ஒரு கிதாரையே ஃபாரரும் எடுத்து வாசித்தார்.

1995-இல் தொடங்கிய ஒரு பத்திரிகை இந்த ஆல்பத்தின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. பங்க்கும் கன்ட்ரியும் கலந்த 'ஆல்ட் கன்ட்ரி' என்ற வகையையே சிலர் 'நோ டிப்ரஷன்' இசை என்று அழைக்கும் அளவுக்குப் போனது. இதை வைத்துக்கொண்டு இவர்கள்தான் இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அதிகப்படி. அறுபதுகளிலேயே கன்ட்ரியையும் ராக்கையும் கலந்த கிராம் பார்சன்ஸை விடுங்கள், எண்பதுகளிலேயே ஜேசன் அண்ட் தி ஸ்கார்ச்சர்ஸ், லாங் ரைடர்ஸ், மீகான்ஸ் எல்லாம் இந்தக் கலவையைச் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கிள் டுபெலோ அதைச் செய்த விதம் இறுக்கமாக இருந்தது. தொழிலாளர் ஊர்களின் அலுப்பை வேடம் போடாமல் பாடினார்கள். தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு மேடையேறும் வழக்கம் இவர்களிடம் இல்லை.

இனி பணத்துக்கு வருவோம்.

முதல் மூன்று ஆல்பங்களும் ராக்வில் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தன. அது டச்சு ஈஸ்ட் இந்தியா டிரேடிங் என்ற விநியோக நிறுவனத்தோடு சேர்ந்தது. அமெரிக்க இசைத் தொழிலில் பொதுவான ஏற்பாடு இப்படி: லேபிள் ஒரு முன்பணம் தரும், அதில் பதிவு நடக்கும். பதிவான மூலநாடா, அதாவது மாஸ்டர், லேபிளுக்குச் சொந்தம். தட்டு விற்கும்போது குழுவுக்கு ஒரு சதவீதம் ராயல்டி என்று கணக்கில் எழுதப்படும். முன்பணமும் இதர செலவுகளும் அதிலிருந்து கழிந்து முடிந்த பிறகுதான் குழுவின் கைக்குக் காசு வரும். பாட்டை எழுதியதற்கான உரிமை தனி, அதற்கான வரவும் தனி. ஒரு பாட்டை எழுதியவரே பாடியிருந்தாலும் அந்தப் பதிவை மறுபடி வெளியிட லேபிளின் அனுமதி வேண்டும்.

சிறிய லேபிள்களில் இன்னொரு சங்கடம் உண்டு. எத்தனை தட்டு அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு முழுக்க லேபிளின் மேசையில் இருக்கும். குழுவோ வேனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். முதல் இரண்டு ஆல்பங்களும் தலா 15,000-க்கு மேல் விற்றும் தங்களுக்கு ராயல்டி வரவில்லை என்பது குழுவின் தரப்பு. இந்தக் கசப்போடுதான் அவர்களுடைய மேலாளர் டோனி மார்கெரிட்டா பெரிய நிறுவனம் ஒன்றைத் தேடத் தொடங்கினார். வார்னர் குழுமத்தின் சைர் லேபிள் அவர்களை எடுத்துக்கொண்டது. நான்காவதும் கடைசியுமான 'ஆனடைன்' 1993 அக்டோபரில் அங்கே வந்தது.

ஆகவே குழு உடைந்தபோது நான்கு ஆல்பங்களும் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று வார்னரிடம் பத்திரமாக. மூன்று ராக்வில்லிடம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ட்வீடியின் அடுத்த குழுவான வில்கோவுக்குப் பேர் வளர வளர, 'இவர் முன்பு எந்தக் குழுவில் இருந்தார்?' என்று தேடி வந்தவர்களுக்கு அந்த மூன்று ஆல்பங்களும் கடையில் சுலபமாகக் கிடைக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தும் விற்பதற்குச் சரக்கு இல்லை என்ற நிலை.

ராக்வில், டச்சு ஈஸ்ட் இந்தியா தரப்பின்மீது குழுவினர் வழக்குப் போட்டார்கள். 2000-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஃபாரருக்கும் ட்வீடிக்கும் ஹைடார்னுக்கும் முதல் மூன்று ஆல்பங்களின் உரிமை கூட்டாகத் திரும்பக் கிடைத்தது. நேரில் பேசிக்கொள்வதே அரிதாகிப்போன ஃபாரரும் ட்வீடியும் சேர்ந்து ஒரு சொத்துக்கு உரிமையாளர் ஆனார்கள், ஹைடார்ன் நடுவில். நம்மூர்ப் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இந்த நிலை அந்நியமாகத் தோன்றாது.

சொத்து கைக்கு வந்ததும் செய்த முதல் காரியம் இந்தத் தொகுப்பு. 2002 மார்ச் 19 அன்று வெளியானது. அடுத்த ஆண்டே மூன்று ஆல்பங்களையும் கூடுதல் பாட்டுகளோடு லெகஸி மறுபதிப்புச் செய்தது. 'ஆனடைன்' வார்னரிடமே இருந்ததால் அதை அவர்களுடைய ரைனோ பிரிவு தனியாக 2003-இல் போட்டது. வரிசையைப் பார்த்தால் தொகுப்பின் வேலை புரிகிறது. முழு ஆல்பங்கள் வருவதற்கு முன், இப்படி ஒரு குழு இருந்தது என்று புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும் சீட்டு அது.

நேரமும் கூடிவந்தது. 2000-இல் வந்த ஒரு திரைப்படத்தின் பழைய நாட்டார் பாட்டுத் தொகுப்பு சக்கைப்போடு போட்டு, 2002 பிப்ரவரி இறுதியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியிருந்தது. பஞ்ச காலத்துப் பாட்டுகள் திடீரென்று நாகரிகமாகிவிட்ட மாதம் அது. வில்கோவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தை ரிப்ரைஸ் நிறுவனம் வேண்டாம் என்று கைவிட்ட கதை பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆல்பம் வேறு நிறுவனத்தின் வழியாக 2002 ஏப்ரல் 23 அன்று கடைக்கு வந்தது. டுபெலோ தொகுப்பு அதற்கு ஐந்து வாரம் முன்பு. திட்டமிட்டோ தற்செயலோ, லெகஸிக்கு நல்ல நேரம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

பாட்டுகள் ஏறக்குறைய காலவரிசையில் நகர்கின்றன. தொடக்கம் 'நோ டிப்ரஷன்'. இந்த ஒரு தேர்வே தொகுத்தவர்களின் மனதைக் காட்டுகிறது. சொந்தப் பாட்டு எதையும் முதலில் வைக்காமல், கார்ட்டர் குடும்பத்தின் பாட்டை வைக்கிறார்கள். மூன்றாவதாக வரும் 'கிரேவ்யார்டு ஷிஃப்ட்' தொழிற்சாலையின் இரவு ஷிஃப்டைப் பற்றியது. முதல் ஆல்பம் இந்தப் பாட்டோடுதான் தொடங்கியது. கிதார் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி பாய்கிறது. மினிட்மென் என்ற பங்க் குழுவிடம் கற்றது இது. அடுத்து 'விஸ்கி பாட்டில்'. இந்தக் குழு செய்ததை ஒரே பாட்டில் காட்டு என்றால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். சரணத்தில் அக்கூஸ்டிக் கிதாரும் கன்ட்ரிக்கே உரிய பெடல் ஸ்டீல் கிதாரும், கண்ணை மூடினால் அறுபதுகளின் கன்ட்ரி. பல்லவி வந்ததும் ஆம்ப்ளிஃபயர் கதறுகிறது. இரண்டும் குழைந்துவிடாமல் தனித்தனியாகவே நிற்கின்றன. பின்னால் இதைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் இரண்டையும் கலந்து வழவழப்பாக்கிவிட்டார்கள். இதில் அந்தத் தையல் தெரிகிறது, தெரிவதுதான் அழகு.

தொகுப்பின் உண்மையான லாபம் ஆல்பங்களில் இல்லாத பாட்டுகள். 'ஐ காட் ட்ரங்க்' சிங்கிளாக மட்டும் வந்தது. 'அவுட்டன்' 1989 மாதிரிப் பதிவு. ஸ்டூஜஸ் குழுவின் பாட்டு ஒன்று அதுவரை வெளிவராதது. 'எஃபிஜி' என்ற கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பாட்டை 1993-இல் எய்ட்ஸ் நிதிக்காக வந்த 'நோ ஆல்டர்நேட்டிவ்' என்ற பல குழுக்களின் தொகுப்புக்குப் பாடிக் கொடுத்திருந்தார்கள். எங்கெங்கோ சிதறிக் கிடந்ததை ஒரு இடத்தில் கொண்டுவந்ததற்காகவே இந்தத் தட்டு பலருடைய அலமாரியில் இருக்கிறது.

அவற்றில் 'சாஜே விண்ட்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சாஜே என்பது பெல்வில்லுக்கு மேற்கே ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஊர் என்பதைவிடத் தொழிற்பேட்டை என்பதே சரி, குடியிருப்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவுதான். 1926-இல் மான்சான்டோ என்ற பெயரிலேயே அது உருவானது, ஆம், அதே ரசாயன நிறுவனத்தின் பெயர். 1967-இல்தான் சாஜே என்று மாற்றினார்கள். தொழிற்சாலைக்காகவே ஊராட்சி என்றால் கழிவும் புகையும் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அங்கிருந்து வீசும் காற்றைத்தான் ஃபாரர் பாடுகிறார். மேடையேறி முழங்கும் சுற்றுச்சூழல் பாட்டு இல்லை. அந்தக் காற்றைத் தினமும் சுவாசிக்கிற ஒருவனின் அலுப்பு. இந்தக் குழுவின் பாட்டுகளில் வரும் சோகம் பொத்தாம்பொதுவாக இருக்காது, பெரும்பாலும் அதற்கு ஊர்ப் பெயர் உண்டு.

'நியூ மாட்ரிட்' பாட்டும் அப்படித்தான். மிசௌரி மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூரை மையமாக வைத்து 1811-12-இல் பெரும் பூகம்பங்கள் நடந்தன. மிசிசிப்பி சற்று நேரம் எதிர்த்திசையில் ஓடியதாகச் சொல்வார்கள். ஐபென் பிரவுனிங் என்பவர் 1990 டிசம்பர் 3-ஐ ஒட்டி அங்கே மறுபடி பூகம்பம் வரும் என்று சொல்லிவைத்தார். விஞ்ஞானிகள் மறுத்தும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தொலைக்காட்சி வண்டிகள் வந்து வரிசை கட்டின. பூமி அசையவே இல்லை. ட்வீடி இந்தக் கூத்தை எடுத்துக்கொண்டு, பாஞ்சோவின் துள்ளலோடு, பிரிந்துபோன ஒருத்தியை நினைக்கும் பாட்டாக ஆக்கியிருக்கிறார். பிரவுனிங் பெயர் பாட்டிலேயே வருகிறது.

மூன்றாவது ஆல்பத்தின் கதை தனி. 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளியாகி, இரைச்சல் கிதாருக்குத் திடீர் மவுசு வந்தது. அந்த நேரம் பார்த்து இவர்கள் ஆம்ப்ளிஃபயரை மூடிவைத்துவிட்டு ஜார்ஜியாவின் ஏதென்ஸ் ஊருக்குப் போய், ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்கைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு, ஐந்து நாளில் அக்கூஸ்டிக் ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அந்த ஐந்து நாளின் தேதியே ஆல்பத்தின் பெயர்: '1992 மார்ச் 16-20'. பாதிக்கு மேல் பழைய நாட்டார் பாட்டுகளின் சாயல். தொகுப்பில் அதிலிருந்து 'மூன்ஷைனர்' இருக்கிறது, சாராயம் காய்ச்சுகிறவனின் வாக்குமூலம். அப்போது ஃபாரருக்கு வயது 25. குரலைக் கேட்டால் நம்ப முடியாது.

'ஆனடைன்' காலத்தில் ஹைடார்ன் போய்விட்டார். கென் கூமர், ஜான் ஸ்டிராட், மேக்ஸ் ஜான்ஸ்டன் வந்திருந்தார்கள். டெக்சாஸின் ஆஸ்டினில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததை, மேலே எதையும் பூசாமல் அப்படியே பதிவு செய்தார்கள். எனக்கு நான்கில் இதுதான் உச்சம். தொகுப்பில் இதற்குக் கிடைத்த இடம் குறைவு, மூன்றே பாட்டு. தலைப்புப் பாட்டு இல்லை. 'ஸ்லேட்' இல்லை. 'அகஃப்-ரோஸ்' இல்லை, நாஷ்வில்லின் பழம்பெரும் பாட்டு வெளியீட்டு நிறுவனம் ஒன்றுக்கு ட்வீடி எழுதிய நன்றிக் கடிதம் போன்ற பாட்டு அது. இரண்டாவது ஆல்பத்தில் மினிட்மென் குழுவின் மறைந்த கிதார் கலைஞரை நினைத்து எழுதிய 'டி. பூன்' பாட்டையும் காணோம். உரிமை வார்னரிடம் இருந்ததால் 'ஆனடைன்' பங்கு குறைந்ததா, அல்லது எளிதில் கிடைக்காத பாட்டுகளுக்கே முன்னுரிமை தந்தார்களா என்ற கேள்வி எழும். எதுவானாலும், குழுவை முதல் முறை கேட்பவருக்கு அது எட்டிய இடம் முழுதாகத் தெரியாமல் போகிறது.

காலவரிசையில் கேட்பதால் இன்னொன்று காதில் விழுகிறது. முதல் ஆறு பாட்டில் ட்வீடி பாடுவது 'ஸ்கிரீன் டோர்' ஒன்று மட்டுமே. கடைசி நான்கில் மூன்று அவருடையவை. ஃபாரரின் நிழலில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர் ஐந்து ஆண்டில் சரிசமமாக வந்து நிற்பது பாட்டு வரிசையிலேயே பதிவாகியிருக்கிறது. கடைசி நான்கில் ஃபாரருடையது 'சிக்காமாகா'. 1863-இல் உள்நாட்டுப் போரின் ரத்தக்களரியான சண்டை ஒன்று நடந்த இடத்தின் பெயர். அதற்கு முன்னும் பின்னும் ட்வீடியின் பாட்டு. வரிசை போட்டவருக்குக் குறும்பு இருந்திருக்குமோ என்று நான் நினைத்ததுண்டு.

1994 ஜனவரியில் ஃபாரர் விலகுவதாகச் சொன்னார். ஒத்துக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொடுத்துவிட்டு, மே 1 அன்று செயின்ட் லூயிஸின் மிசிசிப்பி நைட்ஸ் அரங்கில் கடைசியாக வாசித்தார்கள். அடுத்த ஆண்டே ஃபாரரின் சன் வோல்ட் குழுவிலிருந்து 'டிரேஸ்' ஆல்பமும், மற்றவர்கள் சேர்ந்த வில்கோவிலிருந்து 'ஏ.எம்.' ஆல்பமும் வந்தன. இருவரும் அதன் பிறகு ஒன்றாகக் குழுவை எழுப்பவே இல்லை. பழைய குழுக்கள் ஒவ்வொன்றாக மறுபடி கூடிச் சம்பாதித்த காலத்திலும் இவர்கள் அசையவில்லை.

இதே வகைக் குழுக்களின் தொகுப்புகள் பிறகு வரிசையாக வந்தன: சன் வோல்ட்டுக்கு 2005-இல், ஓல்ட் 97'ஸுக்கு 2006-இல், ஜேஹாக்ஸுக்கு 2009-இல், வில்கோவுக்கு 2014-இல். டிரைவ்-பை டிரக்கர்ஸ் மட்டும் 2011-இல் வெட்கப்படாமல் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றே அட்டையில் போட்டுக்கொண்டார்கள், அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து. இவற்றில் பெரும்பாலானவை அந்தந்தக் குழுவின் நல்ல பாட்டுகளைக் காட்டும் பட்டியல்கள். இன்று ஸ்ட்ரீமிங்கில் யாரும் அப்படி ஒரு பட்டியலைப் பத்து நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: 'ஆனடைன்' முழுவதையும் முதலில் கேளுங்கள். பிடித்திருந்தால் இந்தத் தொகுப்புக்கு வாருங்கள், 'சாஜே விண்ட்', 'எஃபிஜி' இரண்டுக்காகவும். கடைசிப் பாட்டு 'வீவ் பீன் ஹேட்', மேடையில் பதிவானது. ராக் நட்சத்திரங்களை நம்பி ஏமாந்தோமே என்று நக்கலடிக்கும் பாட்டு. ஹிட்ஸ் தொகுப்பு ஒன்றை அதில் கொண்டுபோய் முடிக்க ஒரு துணிச்சல் வேண்டும். முதல் ஆல்பத்துக்கு அவசரம் இல்லை. அதை வாங்குவதாக இருந்தால் 2014-இல் வந்த விரிவான பதிப்பைப் பாருங்கள், 1989 மாதிரிப் பதிவுகள் கூடுதலாக அதில் உண்டு.